ஓபர்ஹவுசன் குறும்பட விழா: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

மாதம் ஒரு ஞாயிறு, எங்கள் ஊர் நூலக மாடியில் குறும்படங்கள் திரையிடுகிறோம். நாற்பது நாற்காலி, ஒரு புரொஜெக்டர், சுவரில் ஒரு வெள்ளைத் துணி. படம் முடிந்து கீழே டீக்கடையில் நிற்கும்போது பேச்சு பெரும்பாலும் ஓபர்ஹவுசனில் போய் முடியும். குறும்படத்துக்கென்று தொடங்கி இன்றுவரை தொடர்ந்து நடந்துவரும் விழாக்களில் மூத்தது அது. அதன் வரலாற்றை நான் பல வருடங்களாகப் படித்துவருகிறேன். கேட்கிறவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, ஓபர்ஹவுசன்னா என்ன? ஆள் பேரா, ஊர் பேரா?

ஊர் பேர். ஜெர்மனியின் மேற்கே ரூர் பகுதியில், எஸனுக்கும் டுயிஸ்பர்க்குக்கும் பக்கத்தில் இருக்கிறது. சுமார் 2 லட்சம் பேர் வாழும் ஊர். நிலக்கரியும் எஃகும்தான் அதை ஊராக்கின. இன்றைக்கு ஊருக்குள் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது 117 மீட்டர் உயரமுள்ள ஒரு பழைய எரிவாயுத் தொட்டி. இப்போது அது கண்காட்சிக்கூடம். சுரங்கங்களும் உலைகளும் மூடிவிட்டன.

அந்த ஊரில் 1954இல் தொடங்கிய விழாதான் இப்போது 'ஓபர்ஹவுசன் சர்வதேசக் குறும்பட நாட்கள்' என்ற பெயரில் நடக்கிறது. இந்தப் பெயர் 1991இல் வந்தது. அதற்கு முன்பு இருந்த பெயர்களுக்கு ஒரு கதை உண்டு, கீழே வரும். இந்தக் காலத்தில் ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தை ஒட்டி நடக்கும். மையம், நகரின் நடுவே உள்ள லிஷ்ட்பர்க் தியேட்டர்.

பெர்லின், மியூனிக்னு பெரிய ஊர் இருக்கும்போது இந்த இரும்பு ஊர்ல போய் எதுக்கு விழா?

ஏனென்றால் இதைத் தொடங்கியவர்கள் சினிமாக்காரர்கள் இல்லை. தொடங்கியது ஒரு முதியோர் கல்வி நிலையம். ஜெர்மனியில் ஊருக்கு ஊர் 'ஃபோல்க்ஸ்ஹோக்ஷூல' என்று ஒன்று இருக்கும். 'மக்கள் உயர்கல்விக்கூடம்' என்று சொல்லலாம். பகலில் வேலை பார்த்தவர்கள் மாலையில் மொழி கற்க, கணக்கு கற்க, இலக்கியம் கேட்க வரும் இடம். ஓபர்ஹவுசனில் அதன் தலைவராக இருந்தவர் ஹில்மர் ஹோஃப்மன். 1954இல் அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். நாஜி ஆட்சி விழுந்து ஒன்பதே வருடம். திரைப்படத்தைப் பிரச்சாரக் கருவியாக அவ்வளவு முழுமையாகப் பயன்படுத்திய ஒரு நாட்டில், அதே திரைப்படத்தை வைத்து மக்களுக்கு யோசிக்கச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டவர்கள் இவர்கள். முதல் விழாவின் முழக்கமே 'பண்பாட்டுப் படம்: கல்விக்கான வழி' என்பதுதான். வகுப்பறைக்குள் பிறந்த விழா என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்த பலதும் புரியும். ஹோஃப்மன் 1970வரை விழாவை நடத்தினார். பிறகு ஃபிராங்க்ஃபர்ட் நகரின் பண்பாட்டுத் துறைக்குப் போய், 'எல்லோருக்கும் பண்பாடு' என்ற கொள்கையால் நாடு முழுக்க அறியப்பட்டார். தொண்ணூறுகளில், ஜெர்மன் மொழியையும் பண்பாட்டையும் வெளிநாடுகளில் பரப்பும் கதே நிறுவனத்தின் தலைவரானார்.

அது என்ன 'பண்பாட்டுப் படம்'? டாக்குமெண்டரியா?

கிட்டத்தட்ட. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு உடனே புரியும்: நம் ஊர் தியேட்டர்களில் மெயின் படத்துக்கு முன்னால் பிலிம்ஸ் டிவிஷன் படம் ஒன்று ஓடுமே, அணைக்கட்டு, கைத்தறி, குடும்பக் கட்டுப்பாடு என்று, அந்த இடத்தில் ஜெர்மனியில் ஓடியது 'குல்டுர்ஃபில்ம்'. விலங்குகள், பழைய தேவாலயங்கள், கைவினைகள் என்று யாரையும் உறுத்தாத விஷயங்களே அதிகம்.

அதற்கு ஒரு பணக் கணக்கும் இருந்தது. வீஸ்பாடன் நகரில் உள்ள மதிப்பீட்டு வாரியம் ஒரு படத்துக்கு 'மதிப்புமிக்கது' அல்லது 'சிறப்பாக மதிப்புமிக்கது' என்று சான்று கொடுத்தால், அதை ஓட்டும் தியேட்டருக்குக் கேளிக்கை வரியில் சலுகை. அதனால் குறும்படத்துக்குச் சந்தை இருந்தது. ஆனால் அந்தச் சந்தை சான்று வாங்கும் படங்களையே கேட்டது. இந்த 'சிறப்பாக மதிப்புமிக்கது' என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். 1968இல் அது திரும்பி வரும்.

விழாவின் முதல் பெயர் 'மேற்கு ஜெர்மன் பண்பாட்டுப் பட நாட்கள்'. ஐம்பதுகளின் முடிவுக்குள் அந்தப் 'பண்பாட்டுப் படம்' பெயரிலிருந்து போய், 'குறும்பட நாட்கள்' வந்துவிட்டது. வரிச்சலுகைக்காக எடுத்த படங்களை விட்டு விழா வெளியே வந்துகொண்டிருந்தது, அது பெயரிலேயே தெரிகிறது.

இதை 'சிவப்பு விழா'ன்னு சொல்றாங்களே, கம்யூனிஸ்ட் கட்சி நடத்தியதா?

இல்லை. கட்சி எதுவும் நடத்தவில்லை. 1958இல் ஹோஃப்மன் விழாவுக்கு ஒரு புது முழக்கம் கொடுத்தார்: 'அண்டை வீட்டாரிடம் போகும் வழி'. அண்டை வீட்டார் யார் என்பதில்தான் சிக்கல். பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரத்தில், அவர் போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி, யூகோஸ்லாவியா, சோவியத் படங்களை வரவழைத்து வரிசையாகத் திரையிட்டார். அந்த நாடுகளில் அப்போது குறும்படமும் அனிமேஷனும் மிக உயரத்தில் இருந்தன. அரசு ஸ்டுடியோக்களும் திரைப்படப் பள்ளிகளும் இளைஞர்களுக்குக் கேமராவைக் கொடுத்திருந்தன. நல்ல படம் அங்கே இருந்தது, இவர் எடுத்து வந்தார்.

மேற்கு ஜெர்மன் அரசுக்கு இது பிடிக்கவில்லை. கிழக்கிலிருந்து வரும் படங்களைப் பார்த்து அனுமதிப்பதற்கென்றே பல அமைச்சகங்கள் சேர்ந்த ஒரு குழு 1953 முதல் 1966வரை இயங்கியது. வெளியே அதிகம் தெரியாமல் நடந்த தணிக்கை அது. அப்படிப்பட்ட நாட்டில் ஒரு நகராட்சி விழா, வார்சாவிலும் புடாபெஸ்டிலும் எடுத்த படங்களைத் தொழிலாளர் ஊரில் காட்டி, எடுத்தவர்களையும் அழைத்து மேடையில் பேசவைத்தது. பட்டப்பெயர் அப்படி வந்தது. என்னைக் கேட்டால், இந்த விழா செய்ததிலேயே துணிச்சலான காரியம் இதுதான். 1962 அறிக்கையைவிடவும் மேல் என்பேன்.

சரி, அந்த 1962 அறிக்கை. அதில் அப்படி என்னதான் இருந்தது?

1962 பிப்ரவரி 28, எட்டாவது விழா. மியூனிக்கைச் சேர்ந்த இளம் திரைக்கலைஞர்கள் நடத்திய பத்திரிகையாளர் சந்திப்பில் ஃபெர்டினாண்ட் கிட்ல் என்பவர் ஒரு பக்க அறிக்கையை வாசித்தார். கீழே 26 கையெழுத்துகள். பின்னாளில் உலகம் அறிந்த அலெக்சாண்டர் குளுகே, எட்கர் ரைட்ஸ் இருவரும் அதில் உண்டு. பீட்டர் ஷமோனி, ஹாரோ ஸென்ஃப்ட், ஹெர்பர்ட் வெசெலி ஆகியோரும் உண்டு.

மிகச் சின்ன அறிக்கை அது. சாரம் இதுதான்: மரபான ஜெர்மன் படத்தின் பொருளாதார அடித்தளம் சரிந்துவிட்டது, அதனால் புதிய படத்துக்கு உயிர்வரும் வாய்ப்பு உண்டு. இளைஞர்களின் குறும்படங்கள் உலக விழாக்களில் பரிசு வாங்குகின்றன. எப்போதுமே புதிய படத்துக்குப் பள்ளியாகவும் சோதனைக் களமாகவும் இருப்பது குறும்படம்தான். இனி முழுநீளப் படமும் நாங்களே எடுப்போம். அதற்கு மூன்று விடுதலை வேண்டும்: தொழிலின் வழக்கங்களிலிருந்து, வணிகப் பங்காளிகளின் செல்வாக்கிலிருந்து, அமைப்புகளின் பிடியிலிருந்து. நஷ்டம் வந்தாலும் சேர்ந்தே தாங்குவோம். கடைசி இரண்டு வரிகள்: பழைய படம் இறந்துவிட்டது, நாங்கள் புதியதை நம்புகிறோம்.

சரிந்துவிட்டது என்றது வெறும் வீறாப்புப் பேச்சு இல்லை. 1956இல் மேற்கு ஜெர்மனியில் விற்ற சினிமா டிக்கெட் 80 கோடிக்கும் மேல். 1962இல் அது ஏறக்குறையப் பாதி. வீட்டுக்குள் டிவி வந்துவிட்டது. 1961இல் தேசிய விருதுக் குழு, சிறந்த படம் என்று கொடுக்க ஒரு படம்கூட இல்லை என்று விருதையே நிறுத்திவைத்தது.

அப்போ விழாதான் அந்த அறிக்கையை எழுதினதா?

விழா எழுதவில்லை. எழுதியவர்கள் மியூனிக்கில் பல வருடங்களாகக் கூடிப் பேசிக்கொண்டிருந்த குழு. விளம்பரப் படம், தொழிற்சாலைப் படம், குறும்படம் என்று எடுத்துப் பிழைத்தவர்கள். நாடு முழுவதிலுமிருந்து விமர்சகர்கள் வந்து கூடும் இடம் ஓபர்ஹவுசன் என்பதால் அங்கே போய் வாசித்தார்கள்.

ஆனாலும் அந்த இடம் தற்செயலாக வாய்த்தது என்று சொல்லமாட்டேன். முந்தைய வருடம், 1961இல், குளுகேயும் ஷமோனியும் சேர்ந்து எடுத்த 'கல்லில் கொடூரம்' என்ற 12 நிமிடப் படம் அங்கே காட்டப்பட்டது. நூரன்பெர்க்கில் நாஜிக் கட்சி மாநாடு நடத்திய மைதானம். ஆள் ஒருவர்கூட இல்லை. கேமரா காலிப் படிக்கட்டு, தூண், கதவு என்று நகர்கிறது. படிகளின் இடுக்கில் புல் முளைத்திருக்கிறது. ஒலியில் மட்டும் கூட்டத்தின் ஆரவாரம், ஹிட்லரின் குரல். இன்னோரிடத்தில் ஆஷ்விட்ஸ் முகாம் தளபதியின் குறிப்பு வாசிக்கப்படுகிறது. பெரிய படங்கள் மலையும் காதலுமாக ஓடிக்கொண்டிருந்த நாட்டில், இப்படி ஒன்றை யாராவது பார்ப்பார்கள் என்ற நம்பிக்கையை அவர்களுக்குக் கொடுத்த அரங்கம் ஓபர்ஹவுசன். அந்த நம்பிக்கை இருந்ததால்தான் அடுத்த வருடம் அங்கேயே வந்து வாசித்தார்கள் என்று நினைக்கிறேன்.

'அப்பாவோட சினிமா செத்துப்போச்சு'ன்னுதானே எழுதினாங்க?

அந்த வரி அறிக்கைக்குள் கிடையாது. அது அந்தச் சந்திப்புக்கு வைத்த தலைப்பாக, பிறகு முழக்கமாகப் பரவியது. அறிக்கையின் கடைசி வரிகளை மேலே கொடுத்திருக்கிறேன், அதில் அப்பா இல்லை. ஆனால் முழக்கம் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அந்தத் தலைமுறைக்கு அப்பா என்ற சொல்லுக்குள் போரும் இருந்தது, போருக்குப் பிந்தைய மௌனமும் இருந்தது.

ஹெர்சாக், ஃபாஸ்பிண்டர், வெண்டர்ஸ் எல்லாரும் கையெழுத்துப் போட்டவங்கதானே?

இதை என்னிடம் கேட்காத ஆள் இல்லை. மூவரும் போடவில்லை. 1962 பிப்ரவரியில் ஹெர்சாக்குக்கு 19 வயது. ஃபாஸ்பிண்டருக்கும் வெண்டர்ஸுக்கும் 16. 'புதிய ஜெர்மன் சினிமா' என்று உலகம் சொல்லும்போது இந்த மூவர் முகமே வருவதால், எல்லாவற்றையும் அவர்கள் தலையில் ஏற்றிவிடுகிறோம். கையெழுத்திட்ட 26 பேரில் பெரும்பாலானவர்களின் பெயர் இன்று ஜெர்மனியிலேயே பலருக்குத் தெரியாது.

ஒரு சுவையான தகவல்: வெண்டர்ஸ் அப்போது ஓபர்ஹவுசனில்தான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். 1963இல் அங்கேதான் பள்ளிப் படிப்பை முடித்தார்.

26 பேர்ல பெண் ஒருத்தர்கூட இல்லையா?

ஒருவர்கூட இல்லை. இந்த அறிக்கையைக் கொண்டாடும்போதெல்லாம் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது என் பிடிவாதம். பழையதை ஒழிக்கக் கிளம்பியவர்களின் கண்ணுக்கும் பக்கத்தில் வேலை செய்த பெண்கள் படவில்லை. ஜெர்மனியில் பெண் திரைக்கலைஞர்கள் தங்களுக்கென்று சங்கம் அமைத்து உரிமை கேட்டது 1979இல். ஓபர்ஹவுசன் விழாவுக்கு ஒரு பெண் தலைமை வந்தது 1985இல், கரோலா கிராமன். அவருக்குப் பின் 1990இலிருந்து 1997வரை அங்கெலா ஹார்ட்.

அறிக்கை வாசிச்சா படம் எடுக்கப் பணம் வந்துடுமா? உண்மையில் என்ன நடந்தது?

உடனே வரவில்லை. 50 லட்சம் மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்) கொடுங்கள், பத்துப் படம் எடுத்துக் காட்டுகிறோம் என்று அவர்கள் கேட்டார்கள். பத்திரிகைகளில் கேலி செய்தவர்கள் நிறைய. மூன்று வருடம் குளுகே முதலியோர் அலைந்து பேசியதில், 1965இல் 'இளம் ஜெர்மன் திரைப்படக் குழுமம்' என்ற நிதி அமைப்பு உருவானது. உள்துறை அமைச்சகம் மூன்று வருடத்துக்கு 50 லட்சம் மார்க் ஒதுக்கியது. ஒரு படத்துக்கு 3 லட்சம் மார்க்வரை வட்டியில்லாக் கடன். பத்து கேட்ட இடத்தில் சுமார் 20 படம் வந்தது.

கல்வியும் வந்தது. உல்ம் நகரின் வடிவமைப்புக் கல்லூரியில் குளுகேயும் ரைட்ஸும் 1962இலேயே திரைப்படப் பிரிவைத் தொடங்கிவிட்டார்கள். 1966இல் பெர்லினில் திரைப்படப் பள்ளி, அடுத்த வருடம் மியூனிக்கில். அதே 1966இல் குளுகேயின் முதல் முழுநீளப் படம் வெனிஸ் விழாவில் வெள்ளிச் சிங்கம் வாங்கியது. பழைய தயாரிப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்கள் அழுத்தத்தில் 1968 தொடக்கத்திலிருந்து ஒரு திரைப்பட ஊக்குவிப்புச் சட்டம் வந்தது: முந்தைய படம் நன்றாக ஓடினால்தான் அடுத்த படத்துக்கு மானியம். கூடவே ஒழுக்கத்துக்கு மாறான படத்துக்கு மானியம் கிடையாது என்று ஒரு பிரிவு. முதல் படம் எடுப்பவனுக்கு அதில் என்ன இருக்கிறது? சண்டைக்கான விறகு அங்கே அடுக்கப்பட்டுவிட்டது.

1968ல ஏதோ ஆபாசப் படத்தால விழாவே நின்னுபோச்சாமே?

நிற்கவில்லை, ஆனால் கிட்டத்தட்ட உடைந்தது. ஹெல்முட் கோஸ்டார்ட் என்ற இளைஞர் ஒரு குறும்படம் அனுப்பினார். பெயர், 'சிறப்பாக மதிப்புமிக்கது'. ஆம், மதிப்பீட்டு வாரியத்தின் சான்றுச் சொல்லேதான். படத்தில் ஓர் ஆண்குறி அண்மைக்காட்சியில் வாய்போல அசைந்து, மேலே சொன்ன சட்டத்தின் ஒழுக்கப் பிரிவை வாசிக்கிறது. அரசு எதை ஒழுக்கம் என்று சொல்லிப் பணத்தைப் பூட்டிவைக்கிறதோ, அதை அந்த வாயால் சொல்லவைத்தார்.

தேர்வுக் குழு படத்தை எடுத்துக்கொண்டது. அரசு வழக்கறிஞர் தரப்பு தலையிட்டது. வழக்கு வரும் என்ற நிலையில் விழா நிர்வாகம் படத்தை நீக்கியது. உடனே பெரும்பாலான ஜெர்மன் இயக்குநர்கள் தங்கள் படங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நீக்கப்பட்ட படம், பக்கத்தில் உள்ள போஹும் என்ற ஊரின் பல்கலைக்கழகத்தில் காட்டப்பட்டது. அந்த வருடம் பரிசு பெற்றவற்றில் ஹெர்சாக்கின் 'கடைசி வார்த்தைகள்' உண்டு.

பனிப்போரில் அமைச்சகங்களுக்கு அசையாத விழா, ஒரு வழக்கறிஞர் கடிதத்துக்கு அசைந்தது. ஹோஃப்மன்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இருந்தாலும் அந்த முடிவு தவறு என்றே நினைக்கிறேன். கலைஞர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. அப்புறம் அந்தக் காயம் ஆற வருடங்கள் ஆயின.

நகராட்சிக் காசு, அரசாங்கக் காசு வாங்குற விழாவை எப்படி 'சுயாதீன விழா'ன்னு சொல்றீங்க தோழர்?

நல்ல கேள்வி. இதற்கு ஒரே வார்த்தையில் பதில் இல்லை. விழாவை நடத்துவது லாப நோக்கமற்ற ஒரு நிறுவனம், அதன் உரிமை ஓபர்ஹவுசன் நகருடையது. பணம் நகரிலிருந்தும், நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்திலிருந்தும், மத்திய அரசின் பண்பாட்டு நிதியிலிருந்தும் வருகிறது. தனியார் ஸ்டுடியோ, டிவி நிறுவனம், ஓடிடி என்று யார் கையிலும் அது இல்லை.

சுயாதீனம் என்பதை நான் தேர்வை வைத்துப் பார்க்கிறேன். என்ன படம் காட்டலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள்? கிழக்குப் படங்களைக் காட்டியபோது பணம் கொடுத்தவர்கள் முகம் சுளித்தார்கள், விழா காட்டியது. 1968இல் அதே விழா தோற்றது. ஆக அது ஒருமுறை வாங்கி அலமாரியில் வைக்கும் பட்டம் கிடையாது, ஒவ்வொரு வருடமும் தேர்வு அறைக்குள் மறுபடி சோதிக்கப்படுகிறது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். சுரங்கம் மூடி, எஃகு ஆலை போய், கடனில் தத்தளித்த ஊர் அது. அந்த நகராட்சி குறும்படத்துக்குக் காசு ஒதுக்குவதை நிறுத்தவே இல்லை.

நம்ம ஊர் 'நாளைய இயக்குநர்' மாதிரி, ஜெயிச்சா பெரிய படம் கிடைக்குமா?

கலைஞர் டிவியின் அந்த நிகழ்ச்சியிலிருந்து கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி போன்றவர்கள் வந்தார்கள், நல்லது. அங்கே குறும்படம் ஒரு தயாரிப்பாளரிடம் நீட்டும் அடையாள அட்டை. முடிவில் திருப்பம், பத்து நிமிடத்துக்குள் ஒரு கதை.

ஓபர்ஹவுசனிலும் அப்படிப் போனவர்கள் உண்டு. போலான்ஸ்கி, ஸ்கோர்செஸி, ஜார்ஜ் லூகாஸ் ஆகியோரின் தொடக்கக்காலப் படங்கள் அங்கே ஓடியிருக்கின்றன. 1962 அறிக்கையும் முழுநீளப் படத்துக்குப் போகத்தான் கதவைத் தட்டியது. ஆனால் காலப்போக்கில் விழா வேறு இடத்துக்கு வந்தது: குறும்படத்தை ஒரு முழு வடிவமாகவே பார்ப்பது, கவிதையை யாரும் நாவலுக்கான ஒத்திகை என்று சொல்லாததுபோல. அங்கே போட்டியில் வரும் படங்களில் கதையே இல்லாதவை ஏராளம். ஓவியர்கள், ஒலிக் கலைஞர்கள், ஆவணக் காப்பகத்தில் கிடைத்த சுருளை வெட்டி ஒட்டுபவர்கள் எல்லோரும் போட்டியிடுகிறார்கள். நம் பையன்கள் முதல்முறை அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு "இது குறும்படமே இல்லையே" என்பார்கள். மூன்றாவது மாதம் அப்படிச் சொல்வதில்லை.

விழாவில் மியூசிக் வீடியோவுக்கெல்லாம் பரிசாமே? அது விளம்பரம்தானே?

1999இல் ஜெர்மன் மியூசிக் வீடியோக்களுக்கென்று 'மூவி' என்ற பரிசைத் தொடங்கினார்கள். ஒரு திரைப்பட விழா அந்த வடிவத்துக்குத் தனிப் பரிசு கொடுத்தது அப்போது புதிது. பரிசு பாடகருக்கு இல்லை, வீடியோ இயக்கியவருக்கு. பாட்டை விற்பதற்காக எடுத்த மூன்று நிமிடத்துக்குள்ளும் ஒருவர் புதிய காட்சிமொழி கண்டுபிடிக்கலாம் என்பது வாதம். நான் ஏற்கிறேன். பண்பாட்டுப் படமும் தொடங்கும்போது வரிச்சலுகைச் சரக்குதானே.

சிறுவர்களுக்கான போட்டி 1978லேயே வந்துவிட்டது. அதில் சிறுவர்களும் நடுவர்களாக உட்காருகிறார்கள்.

ஃபிரான்ஸ்ல கிளெர்மான்-ஃபெரான் தானே உலகத்துலயே பெரிசு? அப்போ எதுக்கு ஓபர்ஹவுசனைப் பிடிச்சுக்கிட்டிருக்கீங்க?

அளவில் அந்தக் குறும்பட விழாதான் பெரியது, சந்தேகமில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள், தனிக் குறும்படச் சந்தை. அதன் வேர் 1979இல் மாணவர்கள் நடத்திய ஒரு குறும்பட வாரம். ஓபர்ஹவுசன் அதைவிட 25 வருடம் மூத்தது. இரண்டையும் மோதவிட வேண்டியதில்லை. கதை சொல்லும் குறும்படம் எடுப்பவருக்குக் கிளெர்மான் பொருந்தும். வடிவத்தோடு மல்லுக்கட்டுபவருக்கு ஓபர்ஹவுசன்.

கொரோனா நேரத்துல விழா நடந்துச்சா?

நடந்தது. 66ஆவது விழா 2020 மே 13 முதல் 18வரை முழுக்க இணையத்தில். பல விழாக்கள் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தபோது ஒரே மாதத்துக்குள் மாறிக்கொண்டார்கள். எங்களைப் போன்றவர்கள் விசா, விமானம் இல்லாமல் முதல்முறை போட்டிப் படங்களைப் பார்த்தது அப்போதுதான். ஆறு நாளும் இரவு இரண்டு மணிவரை லேப்டாப்முன் இருந்தேன். பக்கத்தில் நோட்டு, படத்துக்கு ஒரு வரி. அந்த நோட்டு இன்னும் இருக்கிறது, எங்கள் நூலகத் திரையிடலுக்குப் படம் தேடும்போது முதலில் திறப்பது அதைத்தான்.

2023ல ஏதோ பெரிய சர்ச்சையாமே? அதைப் பத்தி யாரும் பேசமாட்டேங்கிறாங்க.

பேசலாம். 1997 முதல் விழாவின் இயக்குநராக இருந்தவர் லார்ஸ் ஹென்ரிக் காஸ். 2023 அக்டோபரில், ஹமாஸ் தாக்குதலுக்குப் பிறகு, பெர்லினில் நடக்கவிருந்த இஸ்ரேல் ஆதரவுப் பேரணிக்கு மக்களை அழைத்து விழாவின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு பதிவு வந்தது. அதன் சொற்கள் பாலஸ்தீன ஆதரவாளர்களை ஒட்டுமொத்தமாகப் பழிப்பதாகப் பலர் கொதித்தார்கள். கண்டனக் கடிதத்தில் உலகெங்கிலும் இருந்து கையெழுத்துகள் குவிந்தன. படைப்பாளர்கள் சிலர் படங்களைத் திரும்பப் பெற்றார்கள். யூத வெறுப்புக்கு எதிராகப் பேசியவரை ஒதுக்குவது அநியாயம் என்று காஸ் பக்கம் நின்றவர்களும் நிறைய. 2024இல் அவர் ஸ்டுட்கார்ட் நகரில் வேறு பொறுப்புக்குப் போனார். இப்போது மடலைன் பெர்ன்ஸ்டோர்ஃப், சுசன்னா போல்ஹைம் என்ற இருவர் சேர்ந்து விழாவை நடத்துகிறார்கள்.

1968ஐப் பற்றிச் சொன்னதை இதோடு வைத்துப் படியுங்கள். 'அண்டை வீட்டாரிடம் போகும் வழி' என்று பெயர் வைத்துக்கொண்ட விழா, எந்த அண்டை வீட்டார் தன்னிடம் வரத் தயங்குகிறார் என்று கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். எனக்கு இதில் வலி உண்டு. அதனால்தான் இந்தக் கேள்வியைத் தவிர்க்காமல் சேர்த்தேன்.

இந்தியப் படம் ஏதாவது அங்கே போயிருக்கா? நாங்களும் அனுப்பலாமா?

போயிருக்கின்றன. அமித் தத்தாவின் 'க்ரமஷ' 2007இல் அங்கே சர்வதேச விமர்சகர் பரிசு வாங்கியது. 2015இல் பாயல் கபாடியாவின் 'தி லாஸ்ட் மேங்கோ பிஃபோர் தி மான்சூன்' போட்டியில் இருந்தது. அப்போது அவர் புனே திரைப்படக் கல்லூரி மாணவி. ஒன்பது வருடம் கழித்து அவர் கான் விழாவில் கிராண்ட் பிரீ வாங்கியபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓபர்ஹவுசன் தேர்வுக் குழு முன்பே பார்த்திருந்தது.

தாராளமாக அனுப்பலாம். சர்வதேசப் போட்டிக்கு 35 நிமிடம்தான் எல்லை. விதிகள் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும், விழாவின் இணையதளத்தில் அந்த வருட விதியைப் படித்துவிட்டு அனுப்புங்கள். வசனத்துக்கு ஆங்கில சப்டைட்டில் ஒழுங்காக இருக்கட்டும். தமிழ் தெரியாத ஒருவரிடம் காட்டி, எங்கே புரியவில்லை என்று கேளுங்கள்.

அனுப்புவதற்கு முன் மேலே சொன்ன 'கல்லில் கொடூரம்' படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அடுத்த மாத ஞாயிறு, மாலை ஐந்து மணிக்கு, நூலக மாடியில் அதைத்தான் முதலில் ஓட்டுகிறோம். 12 நிமிடம். அந்தப் படத்தில் பாதி காதில் இருக்கிறது, அதனால் இந்த முறை பெரிய ஸ்பீக்கர் வாடகைக்குச் சொல்லியிருக்கிறேன்.